செங்கற்சூளை வைத்த நாராயண பிள்ளை

சிங்கப்பூர் சென்றுவரும் நம் மலாக்கா வியாபாரிகளில் சவுத் பிரிட்ஜ் ரோட்டை அறியாதார் இரார். 1826-இல் தமிழ் முஸ்லிம்கள் நிறுவிய ஜாமிஆ சூலியா பள்ளிவாசலும், 1827-இல் எழும்பிய மாரியம்மன் கோயிலும் அத்தெருவில் அருகருகே நிற்கின்றன. அக்கோயிலுக்கு மூலகாரணராயிருந்த நாராயண பிள்ளை நம் மார்க்கத்தவரல்லர். எனினும் அந்நகரின் முதல் இந்தியக் கட்டட ஒப்பந்தக்காரர் அவரே. கைம்முதல் முழுவதையும் தீயில் இழந்தும், கடன் கொடுத்தவர்களுக்கு முகத்தை மறைக்காதவர். ஆகவே அவர் வரலாற்றை நம் நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

பினாங்கில் ஆங்கிலக் கம்பெனியில் உத்தியோகம் பார்த்துவந்த பிள்ளை, 1819 மே மாதக் கடைசியில் ராபிள்ஸ் துரையுடன் 'இந்தியானா' கப்பலில் சிங்கப்பூர் வந்திறங்கினார். முன்பு மலாக்காவில் ரெசிடெண்டாயிருந்த பர்க்குவார் அப்போது அங்கே நிர்வாகம் நடத்தினார். நம் மலாக்காவிலிருந்தும் ஏராளமானோர் பிழைப்புத் தேடி அங்கே போய்க் கொண்டிருந்த காலம் அது. வந்தவர்களுக்கெல்லாம் வீடு வேண்டும். சரக்கு வைக்கக் கிட்டங்கி வேண்டும். மலாக்காவிலோ டச்சுக்காரர் காலத்துச் செங்கற் கட்டடங்கள் இருந்தன. புதிய ஊரில் மரமும் அத்தாப்புமே கண்ட வீடுகள்.

இத்தேவையைப் பிள்ளை உணர்ந்தார். தஞ்சோங் பகாரில் செங்கற்சூளை போட்டார். பினாங்கிலிருந்த சிநேகிதர்களுக்கு எழுதி, கொத்தர்களையும் தச்சர்களையும் வரவழைத்தார். கல்லும் தம்முடையது, ஆளும் தம்முடையவர் என்றிருந்ததால் ஒப்பந்த வேலை பெருகியது.

அதன்பின் ஜவுளியிலும் இறங்கினார். கிராஸ் ஸ்திரீட்டில் அவர் வைத்த துணிக்கடை விரைவில் பிரசித்தி பெற்றது. ஆனால் சரக்கில் பெரும்பகுதி ஆங்கில வர்த்தகர்களிடம் கடனுக்கு எடுத்தது. 1822-இல் தீப்பிடித்துக் கடை சாம்பலாயிற்று. சரக்குப் போயிற்று, கடன் மட்டும் நின்றது.

கடன் சரக்கை ஒரே கடையில் அடுக்கியதில் இருந்த ஆபத்தை நாம் மறைப்பதற்கில்லை. ஆயினும் அதன் பிறகு அவர் நடந்துகொண்ட விதமே பெரிது. இரவோடிரவாகக் கப்பலேறிப் பினாங்குக்குத் திரும்பியிருக்கலாம். அவரோ கடன் கொடுத்தவர்களை நேரில் கண்டு பேசி ஓர் ஏற்பாட்டுக்கு வந்தார். அவ்வாண்டு அக்டோபரில் மீண்டும் வந்த ராபிள்ஸிடம் தம் நிலையை எடுத்துரைத்தார். கமர்ஷியல் ஸ்குவேரில் அவருக்கு நிலம் கிடைத்தது. அங்கே புதிய கிட்டங்கிகளை எழுப்பி, இழந்ததை ஈட்டினார். சோழமண்டலக் கரையிலிருந்து வந்த இந்தியரின் தலைவராகவும் அரசாங்கத்தாரால் நியமிக்கப்பெற்றார். அவர்களது வழக்குகளைத் தீர்த்துவைக்கும் பொறுப்பும் அவரிடம் வந்தது. கடனில் விழுந்தும் ஓடாதவன் சொல்லுக்கு மற்றவர்கள் கட்டுப்படுவது இயல்புதானே!

2019-இல் சிங்கப்பூரின் இருநூறாம் ஆண்டு நினைவாக ஆற்றங்கரையில் நாராயண பிள்ளைக்குச் சிலை வைத்தார்கள். அவ்வரிசையில் இடம்பெற்ற இன்னொருவர், அரபு, தமிழ் மரபில் நம் மலாக்காவில் பிறந்த முன்ஷி அப்துல்லா. இது நமக்கு மகிழ்ச்சி தருவதே.

ராபிள்ஸைப் போன்ற ஆதரவாளர் எல்லா வியாபாரிக்கும் வாய்ப்பதில்லை. ஆனால் நஷ்டம் வந்த அன்று கடன்பட்ட இடத்துக்குத் தாமே நடந்து செல்வது நம் ஒவ்வொருவருக்கும் இயலும். கடை எரிந்தால் மறுபடி கட்டலாம். நாணயம் எரிந்தால் கட்டுவதற்குக் கல் கிடையாது.