கண்ணைப் பார்த்தே நரம்பு நோயைச் சொன்னவர்

நரம்புக் கோளாறு என்று மைசூர் கே.ஆர். ஆஸ்பத்திரிக்குப் போனாலும் சரி, சென்னை பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனாலும் சரி, டாக்டர் இரண்டு காரியங்களைச் செய்வார். கண்ணில் டார்ச் அடித்துப் பார்ப்பார். சிறு ரப்பர் சுத்தியலால் முழங்காலுக்குக் கீழே தட்டிப் பார்ப்பார்.

கால் மரத்துப் போனதற்குக் கண்ணில் என்ன வேலை என்று நோயாளிக்குத் தோன்றும்.

வேலை இருக்கிறது. அதை உலகுக்குக் காட்டியவர், ஸ்காட்லாந்து நாட்டுக் கண் டாக்டர் டக்ளஸ் ஆர்கைல் ராபர்ட்சன். மருத்துவ மாணவர்கள் இன்றும் படிக்கும் பெயர் அது. அவர் கண்மூடியது நம் நாட்டில்தான் என்பது பலருக்குத் தெரியாது.

விஷக் கொட்டை

ராபர்ட்சன் 1837-ம் ஆண்டு எடின்பரோவில் பிறந்தார். தந்தையும் அறுவைச் சிகிச்சை நிபுணர். மகன் 1857-ல் டாக்டர் பட்டம் பெற்றார். பெர்லின் சென்று, புகழ்பெற்ற கண் நிபுணர் கிராபேயிடம் பயின்று திரும்பினார்.

மேற்கு ஆப்பிரிக்காவில் கலபார் என்ற ஊர்ப் பக்கம் ஒரு விஷக் கொட்டை உண்டு. குற்றம் சாட்டப்பட்டவனுக்கு அதைத் தின்னக் கொடுப்பார்கள். பிழைத்தால் நிரபராதி, செத்தால் குற்றவாளி!

அந்தக் கொட்டையின் சாற்றை ராபர்ட்சன் தம் கண்ணிலேயே விட்டுப் பார்த்தார். கண்ணின் பாவை ஊசிமுனை போலச் சுருங்கியது. 1863-ல் அதை எழுதி வெளியிட்டார். பிற்காலத்தில் கண் நீர் அழுத்த நோய்க்கு அந்தக் கொட்டையின் சத்து மருந்தாயிற்று.

அசையாத பாவை

கருவிழியின் நடுவே உள்ள துவாரமே பாவை. வெளிச்சம் பட்டால் அது சுருங்கும். இருட்டில் விரியும். அருகில் உள்ள பொருளை உற்றுப் பார்த்தாலும் சுருங்கும். இவை நாம் நினைத்துச் செய்பவை அல்ல. நரம்புகள் தாமாகச் செய்பவை.

1869-ல், தண்டுவட நோய் கண்ட ஒருவர் ராபர்ட்சனிடம் வந்தார். அவருடைய பாவைகள் மிகச் சிறியவை. விளக்கொளி பட்டும் அசையவில்லை. ஆனால் அருகில் பார்க்கச் சொன்னதும் சுருங்கின.

வேறொருவராக இருந்தால் பாவை செத்துவிட்டது என்று எழுதியிருப்பார். ராபர்ட்சன் இரண்டையும் சோதித்தார், இரண்டையும் எழுதினார். அதே ஆண்டில் மேலும் நான்கு பேரிடம் அதே அடையாளத்தைக் கண்டார். பாவைக்கு அவர் பெயரே நிலைத்தது.

1875-ல் ஜெர்மனியின் எர்ப், வெஸ்ட்பால் இருவரும் முழங்கால் தட்டும் சோதனையை விளக்கினார்கள். தட்டினால் கால் துள்ள வேண்டும். தண்டுவடம் தேய்ந்தவர்களுக்குத் துள்ளவில்லை. ஒளிக்கு அசையாத பாவையும், தட்டினால் துள்ளாத காலும் சேர்ந்தே பலரிடம் காணப்பட்டன.

கோண்டல் பயணம்

ராபர்ட்சன், விக்டோரியா மகாராணிக்கு ஸ்காட்லாந்தில் கண் மருத்துவரானார். கோல்ப் ஆட்டத்திலும் பரிசுகள் பெற்றவர்.

குஜராத்தில் உள்ள கோண்டல் சமஸ்தான மன்னர் பகவத்சிங்ஜி, எடின்பரோவில் மருத்துவம் படித்துப் பட்டம் பெற்றவர். இருவரும் நண்பர்கள். ஓய்வு பெற்றபின் நண்பரைக் காண இந்தியா வந்த ராபர்ட்சன், 1909 ஜனவரி 3-ந் தேதி கோண்டலில் காலமானார். வயது 71. கோண்டலி ஆற்றங்கரையில் உடல் தகனம் செய்யப்பட்டது. மன்னரே சிதைக்குத் தீ மூட்டினார்.

பழி நீங்கியது

அந்த நோய்க்குக் காரணம் மேகநோய்க் கிருமி என்பது அவர் காலத்திலேயே சந்தேகிக்கப்பட்டது. 1913-ல் ஜப்பானியரான நொகுச்சியும், மூர் என்பவரும் வாத நோயாளிகளின் மூளையிலேயே கிருமியைக் கண்டார்கள். இளம் வயதில் தொற்றி, மறைத்து வைத்த நோய் பல ஆண்டுகள் கழித்து நரம்பைத் தின்கிறது. வாய் சொல்லாததைக் கண் சொல்லிவிட்டது.

ஆனால் இதிலும் ஓர் ஆபத்து இருந்தது. பாவையும் சரியில்லை, முழங்காலும் துள்ளவில்லை என்றால், ஒரு தவறும் செய்யாதவர் மீதும் மேகநோய்ப் பழி விழுந்தது. 1931-ல் லண்டன் டாக்டர் ஏடி அதைத் துடைத்தார். பாவை பெரிதாக இருந்து, மெல்ல மெல்லச் சுருங்கினால், அது உயிருக்கு ஆபத்தில்லாத வேறு கோளாறு என்று காட்டினார். சர்க்கரை வியாதியாலும் கால் துள்ளாமல் போவதுண்டு. எனவே அடையாளம் மட்டும் தீர்ப்பாகாது. ரத்தப் பரிசோதனையும் வேண்டும்.

1943 முதல் மேகநோய்க்குப் பென்சிலின் இருக்கிறது. ஆரம்பத்திலேயே ஊசி போட்டுக்கொண்டால் நரம்பு பிழைக்கும். தேய்ந்துபோன நரம்பு முழுதாகத் திரும்பாது. வெட்கப்பட்டு மறைப்பவருக்கே நஷ்டம்.

டாக்டர் டார்ச்சை எடுத்தால் கூசாமல் கண்ணைக் காட்டுங்கள். கேட்டால் உண்மையையும் சொல்லுங்கள்.