யார் இந்த ஜானகி அம்மாள்? ‘சைட்டேஷன்’ கணக்கில் சிக்காத விஞ்ஞானி

ஒரு விஞ்ஞானி எவ்வளவு பெரிய ஆள் என்பதை இப்போதெல்லாம் எண்ணிக்கையில்தான் பார்க்கிறார்கள். அவருடைய ஆய்வை மற்ற ஆய்வாளர்கள் எத்தனை முறை சுட்டிக்காட்டி எழுதியிருக்கிறார்கள்? இதுதான் சைட்டேஷன். வேலை, பதவி உயர்வு, ஆய்வு நிதி என எல்லாவற்றிலும் இந்த எண்ணுக்கு மவுசு. ஆனால் தாவரவியலாளர் இ.கே.ஜானகி அம்மாளை இந்தத் தராசில் நிறுத்தினால் கணக்கு உதைக்கிறது. அதற்குக் காரணம் அவருடைய வேலை இல்லை, பெயர்!

1897 நவம்பர் 4-ல் தலச்சேரியில் பிறந்தவர் ஜானகி அம்மாள். அன்று அது சென்னை மாகாணம். ராணி மேரி கல்லூரி, மாநிலக் கல்லூரி என்று சென்னையில் படித்துவிட்டு, பார்பர் உதவித்தொகையில் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகம் போனார். 1931-ல் டாக்டர் பட்டம் வாங்கினார்.

1934-ல் கோவை கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் மரபியலாளராகச் சேர்ந்தார். நல்ல இனிப்பான கரும்புக்கு நம்ம ஊர் வெயிலும் நோயும் ஒத்துக்கொள்ளாது. ஆற்றங்கரையில் தானாக வளரும் நாணலோ எதையும் தாங்கும். இரண்டையும் கலந்து, சி.ஏ.பார்பரும் டி.எஸ்.வெங்கட்ராமனும் ஏற்கெனவே ‘கோ’ ரகங்களை உருவாக்கியிருந்தார்கள். அந்தக் கலப்புச் செடிகளின் செல்லுக்குள் என்ன நடக்கிறது என்று மைக்ரோஸ்கோப் வைத்துப் பார்த்தவர் ஜானகி அம்மாள். கரும்பையும் மக்காச்சோளத்தையும் கலந்த ஆய்வை 1938-ல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டார். தனியாக வாழும் பெண், அதிலும் பிற்படுத்தப்பட்டதாகக் கருதப்பட்ட சமூகம் என்பதால் கோவையில் அவருக்குத் தொல்லைகள் இருந்ததாக அவரது வாழ்க்கையை எழுதியவர்கள் சொல்கிறார்கள்.

1939-ல் மரபியல் மாநாட்டுக்காக எடின்பரோ போனார். அந்த நேரம் பார்த்து உலகப் போர் வெடித்தது. திரும்ப முடியாமல் இங்கிலாந்திலேயே தங்கி, ஜான் இன்னஸ் நிறுவனத்தில் சி.டி.டார்லிங்டனுடன் வேலை பார்த்தார். 1945-ல் இருவரும் சேர்ந்து பயிர்களின் குரோமோசோம் எண்ணிக்கையைத் தொகுத்து ஒரு பெரிய நூலே போட்டார்கள்.

எண்ணுறதுல என்ன இருக்குன்னு தோணலாம். கொல்லிமலை எடப்புளி நாட்டில் விளையும் கேழ்வரகையே எடுத்துக்கொள்வோம். அதன் செல்லில் 36 குரோமோசோம்கள். அதன் நெருங்கிய உறவான, களையாக முளைக்கும் ஒரு காட்டுப் புல்லில் 18. சரியாக இரண்டு மடங்கு. அப்படியானால் எப்போதோ இரண்டு வகைப் புற்கள் கலந்து, குரோமோசோம் இரட்டித்துத்தான் கேழ்வரகின் மூதாதை வந்திருக்க வேண்டும். ஒரு பயிர் எங்கிருந்து வந்தது, அதை எதனுடன் கலக்கலாம் என்று தேடுபவர்களுக்கு இந்த எண்தான் முதல் துப்பு. அதனால்தான் அந்த நூலை உலகம் முழுக்கப் புரட்டினார்கள்.

சிக்கல் அதற்குப் பிறகுதான். 1951-ல் நேரு அழைத்து, இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தைச் சீரமைக்க ஜானகி அம்மாள் நாடு திரும்பினார். 1955-ல் அந்த நூல் விரிவாக்கப்பட்டு மறுபடி வந்தபோது, அட்டையில் டார்லிங்டனுடன் இருந்த பெயர் ஏ.பி.வைலி. புதிய பதிப்பு கையில் இருக்கும்போது பழையதை யார் சுட்டுவார்கள்?

இன்னொன்றும் உண்டு. இ.கே. என்பது எடவலத் கக்காட், அதாவது வீட்டுப் பெயர். அம்மாள் என்பது மரியாதைச் சொல் என்று நமக்குத் தெரியும். வெளிநாட்டுப் பட்டியல்களுக்குத் தெரியுமா? அதைக் குடும்பப் பெயராக்கி ‘அம்மாள், இ.கே.ஜே.’ என்று போட்டுவிடுகிறார்கள். ‘ஜானகி அம்மாள், இ.கே.’ என்றும் இருக்கிறது. கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை இவர்கள் 2 பேர்.

எண்ணில் அடங்காத வேலைகள் தனி. பூமியை மனிதன் எப்படி மாற்றிவிட்டான் என்று விவாதிக்க 1955-ல் பிரின்ஸ்டனில் கூடிய புகழ்பெற்ற கருத்தரங்குக்கு அழைக்கப்பட்ட ஒரே பெண் இவர்தான். அங்கே இந்தியாவின் தற்சார்பு விவசாயம் பற்றிப் பேசினார். சுற்றுச்சூழல் என்ற சொல்லே இங்கே பரவாத காலம் அது. கேரளத்தில் குந்திப்புழா ஆற்றில் அணை கட்டி அமைதிப் பள்ளத்தாக்கு காட்டை மூழ்கடிக்கத் திட்டம் வந்தபோது, 80 வயதில் எதிர்ப்பில் இறங்கினார். அணை வருவதற்குள் அங்குள்ள செடிகளின் குரோமோசோம்களை ஆய்வு செய்துவிட வேண்டும் என்று அதற்கும் கிளம்பினார்.

கடைசிக் காலத்தில் அவர் தங்கியிருந்தது மதுரவாயலில், சென்னைப் பல்கலைக்கழகத்தின் கள ஆய்வகத்தில். 1984 பிப்ரவரி 7-ல் காலமானார். அமைதிப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது அதே ஆண்டு நவம்பரில்.