நெஞ்சில் எழுதிய வேதம்: பார்வையற்ற பாடலாசிரியர் ஃபேனி கிராஸ்பி

எட்டாயிரத்துக்கும் அதிகமான கிறிஸ்தவப் பாடல்களை இயற்றியவர் ஃபேனி கிராஸ்பி. தமிழ் ஆலயங்களிலும் அவருடைய பாடல்களின் மொழிபெயர்ப்புகள் இன்றுவரை பாடப்படுகின்றன. ஆனால், அச்சில் வந்த தம் பாடல்களில் ஒன்றையாவது அவர் கண்ணால் பார்த்ததில்லை. சிறு வயதில் மனப்பாடம் செய்த வேத வசனங்களே அவருக்குப் புத்தகமாகவும் வாழ்நாள் முதலீடாகவும் இருந்தன.

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், பட்னம் வட்டாரத்துக் கிராமம் ஒன்றில் 1820ஆம் ஆண்டு மார்ச் 24ஆம் தேதி அவர் பிறந்தார். ஆறு வாரக் குழந்தையாக இருந்தபோது கண்களில் அழற்சி கண்டது. வழக்கமாகப் பார்க்கும் மருத்துவர் ஊரில் இல்லை. மருத்துவர் என்று சொல்லிக்கொண்டு வந்த ஒருவர், சூடான கடுகுப் பற்றைக் கண்களில் போட்டார். பார்வை பறிபோனதற்கு அதுவே காரணம் என்று குடும்பத்தார் நம்பினார்கள்.

அதே ஆண்டு நவம்பரில் தந்தை காலமானார். 21 வயதிலேயே விதவையான தாய் மெர்சி, பிழைப்புக்காக வீட்டு வேலைக்குப் போனார். குழந்தைக்கு ஐந்து வயதானபோது, நியூயார்க் நகரின் புகழ்பெற்ற அறுவை மருத்துவர் வாலன்டைன் மாட்டிடம் அழைத்துச் சென்றார். இனிப் பார்வை திரும்பாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

வேலைக்குப் போகும் தாய்க்குப் பதிலாகக் குழந்தையின் அருகில் இருந்தவர் பாட்டி யூனிஸ். பேத்தியின் கண்களாகத் தாம் இருக்க வேண்டும் என்று அவர் முடிவு செய்தார். பறவைகளையும் பூக்களையும் வானத்தின் நிறங்களையும் சொல்லால் விளக்கிக் காட்டினார். வேதாகமக் கதைகளையும் சொல்லிக் கொடுத்தார்.

பின்னர் தாயும் மகளும் கனெக்டிகட் மாநிலத்தின் ரிட்ஜ்ஃபீல்டு என்ற ஊருக்குக் குடிபெயர்ந்தார்கள். அங்கே அவர்கள் தங்கியிருந்த வீட்டின் உரிமையாளர் ஹாலி அம்மையார். தாய் வேலைக்குப் போன நேரத்தில் சிறுமியைப் பார்த்துக்கொண்ட அவர், ஒரு காரியத்தைத் தொடங்கி வைத்தார். வாரத்துக்கு ஐந்து அதிகாரங்கள் மனப்பாடம் செய்ய வேண்டும் என்பதே அது. வாசிக்கக் கேட்பது, திரும்பச் சொல்வது, தவறினால் மறுபடியும் தொடங்குவது என்று பாடம் நடந்தது.

அந்தக் காலத்தில் இதைவிட்டால் வேறு வழியும் இல்லை. பிரான்சில் லூயி பிரெயில் தம் புள்ளி எழுத்து முறையை வெளியிட்டதே 1829இல்தான். அது அமெரிக்கப் பள்ளிகளுக்கு வந்து சேரப் பல ஆண்டுகள் ஆயின. பார்வையற்ற ஏழைச் சிறுமிக்கு மனப்பாடம் ஒன்றே படிப்பு. பதினைந்து வயதுக்குள் மோசேயின் ஐந்து ஆகமங்கள், நான்கு சுவிசேஷங்கள், நீதிமொழிகள், உன்னதப்பாட்டு, பல சங்கீதங்கள் ஆகியவை அவருக்கு மனப்பாடமாகிவிட்டன.

1835இல் நியூயார்க் பார்வையற்றோர் பள்ளியில் மாணவியாகச் சேர்ந்தார். படித்து முடித்ததும் அங்கேயே ஆசிரியராகி, இலக்கணமும் வரலாறும் கற்பித்தார். பார்வையற்றோர் கல்விக்கு ஆதரவு தேடி வாஷிங்டன் சென்ற குழுவில் இடம்பெற்று, நாடாளுமன்ற உறுப்பினர்கள் முன் கவிதை சொன்னார். பிற்காலத்தில் அமெரிக்க அதிபரான குரோவர் கிளீவ்லாண்டு, பதின்ம வயதில் அந்தப் பள்ளியில் பணியாற்றினார். ஃபேனி சொல்லச் சொல்ல, அவருடைய கவிதைகளை எழுதிக் கொடுத்தவர்களில் அவரும் ஒருவர்.

இத்தனை அதிகாரங்கள் மனப்பாடமாக இருந்தும், ஃபேனியின் உள்ளத்தில் அமைதி இருந்தது என்று சொல்ல முடியாது. 1849இல் நியூயார்க்கில் காலரா பரவியது. பள்ளியிலும் உயிர்கள் போயின. ஃபேனி ஊரை விட்டுப் போகாமல் நோயாளிகளுக்குப் பணிவிடை செய்தார். மரணத்தை அவ்வளவு அருகில் சந்தித்த பிறகு, தாம் சாகத் தயாராக இருக்கிறோமா என்ற கேள்வி அவரை விடவில்லை. 1850இல் நடந்த எழுப்புதல் கூட்டங்களில் இரண்டு முறை பீடத்தருகே சென்று ஜெபித்தும் ஆறுதல் கிடைக்கவில்லை. மூன்றாம் முறை, நவம்பர் மாதத்தில்தான் மனம் தெளிந்தது. வாய் அறிந்திருந்த வசனங்களை அப்போதுதான் உள்ளம் சொந்தமாக்கிக்கொண்டது. அப்போது அவருக்கு வயது 30.

1858இல் அதே பள்ளியின் ஆசிரியரும் இசைக் கலைஞருமான அலெக்சாண்டர் வான் ஆல்ஸ்டைனை மணந்தார். அவரும் பார்வையற்றவர். அவர்களுக்குப் பிறந்த ஒரே குழந்தை, பிறந்த சில நாட்களுக்குள் இறந்துபோனது. அந்தத் துக்கத்தைப் பற்றி ஃபேனி வெளியில் அதிகம் பேசியதில்லை.

1864இல், 43 வயதில், இசையமைப்பாளர் வில்லியம் பிராட்பரியைச் சந்தித்தார். ஆலயப் பாடல்கள் எழுதும் பணி அங்கே தொடங்கியது. பாடலை முழுவதும் மனத்திலேயே இயற்றி, திருத்தி, அதன் பிறகே பிறரிடம் சொல்லி எழுத வைப்பார். பல பாடல்களை ஒரே சமயத்தில் நினைவில் வைத்திருக்கவும் அவரால் முடிந்தது. ஹாலி அம்மையார் கொடுத்த பயிற்சி அங்கே கைகொடுத்தது.

1868இல் இசையமைப்பாளர் வில்லியம் டோன் ஒரு மெட்டுடன் வந்தார். அவர் ரயில் ஏற இன்னும் 40 நிமிடங்களே இருந்தன. மெட்டைக் கேட்ட ஃபேனி, அந்த நேரத்துக்குள் பாடலை முடித்துக் கொடுத்தார். இயேசுவின் கரங்களில் பத்திரமாகச் சாய்ந்திருப்பதைப் பாடும் அந்தப் பாடல், குழந்தையைப் பறிகொடுத்த தாய்மார் பலருக்கு ஆறுதலானது.

மனப்பாடம் செய்த வசனம் பாடலாக மாறிய விதத்துக்கு, 1890இல் வெளியான இன்னொரு பாடல் சான்று. யாத்திராகமம் 33ஆம் அதிகாரத்தில், தேவன் மோசேயைக் கன்மலையின் வெடிப்பில் வைத்துத் தம் கரத்தால் மூடுகிறார். அந்தக் காட்சியை எடுத்துத் தம் ஆத்துமாவின் அடைக்கலமாக்கிப் பாடினார் ஃபேனி. சிறுமியாக இருந்தபோது கற்ற அதிகாரம், 70 வயதில் பாடலாக வெளிவந்தது.

ஒரு பாடலுக்கு அவருக்குக் கிடைத்த கூலி பெரும்பாலும் ஒன்றிரண்டு டாலர்தான். அதிலும் மீந்ததைப் பிறருக்குக் கொடுத்துவிடுவார். நியூயார்க்கின் ஏழ்மையான பகுதிகளில் எளிய வாடகை வீடுகளில் வாழ்ந்தார். குடிக்கு அடிமையானவர்களும் வேலையற்றவர்களும் வந்து கூடும் மறுவாழ்வு இல்லங்களுக்கு அடிக்கடி சென்று பேசினார். அங்கே புத்தகம் தேட வேண்டிய தேவை அவருக்கு இருந்ததில்லை. எதிரில் இருப்பவரின் துயரத்துக்கு ஏற்ற வசனம் அவரிடம் தயாராக இருந்தது.

1902இல் கணவர் இறந்தார். 1915 பிப்ரவரி 12ஆம் தேதி, கனெக்டிகட்டின் பிரிட்ஜ்போர்ட் நகரில், 94 வயதில் ஃபேனி காலமானார். அவருடைய கல்லறையில் முதலில் நாட்டப்பட்டது ஒரு சிறிய கல். பெத்தானியாவில் இயேசுவின் தலையில் பரிமள தைலம் ஊற்றிய பெண், தன்னால் இயன்றதைச் செய்தாள் என்று மாற்கு சுவிசேஷத்தில் இயேசு பாராட்டுகிறார். அந்தப் பாராட்டே அக்கல்லில் பொறிக்கப்பட்டது.

அந்தச் சுவிசேஷமும் சிறு வயதில் ஃபேனி மனப்பாடம் செய்த நான்கில் ஒன்று. அவருக்கு அதைக் கற்பித்த ஹாலி அம்மையார் பேராசிரியர் அல்லர். பக்கத்தில் உட்கார்ந்து, வாரம் தவறாமல், ஒரு குழந்தைக்கு வாசித்துக் காட்டிய வீட்டுக்கார அம்மா, அவ்வளவுதான்.