யார் இந்த கரிவரதன்? ரேஸ் காரை கைக்கு எட்ட வைத்த கோவைக்காரர்

செவிலிமேட்டுல இருந்து பைக் எடுத்தா சுமார் ஒரு மணி நேரத்துல இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக். அங்க தனியா வேகம் பார்ப்பது வேற, பக்கத்துல இன்னொரு கார் உரசிக்கிட்டு வர முந்துவது வேற. இந்த இரண்டாவது ஆட்டம் ரொம்ப நாள் பணக்காரர்களோடதாவே இருந்தது.

அதை மாற்றியவர் கோவை மில் குடும்பத்தில் 1954-ல் பிறந்த கரிவரதன். அவரும் வசதியானவர்தான்! ஆனால் மாருதி 800-ன் 796 சிசி இன்ஜினை வைத்தே ஒற்றை இருக்கை ரேஸ் கார் கட்டினார். பெயர், ஃபார்முலா மாருதி. இன்ஜின் ஊரில் கிடைப்பது, ரிப்பேரும் சுலபம். எல்லாருக்கும் ஒரே வகை இன்ஜின் என்பதால் ஜெயிக்க பணத்தைவிட ஓட்டுற கைதான் முக்கியம்.

நரேன் கார்த்திகேயன் ரேஸைத் தொடங்கியதும் ஃபார்முலா மாருதியில்தான். 2005-ல் அவர் ஃபார்முலா ஒன் போனபோது அதைப் பார்க்க கரி இல்லை. 1995-லேயே விமான விபத்தில் இறந்துவிட்டார். கோவை செட்டிப்பாளையம் டிராக்குக்கு இன்று அவர் பெயர்தான்.