டாக்டர் ப. சுப்பராயன்

கொங்கு நாட்டில் திருச்செங்கோட்டுப் பகுதியிலே குமாரமங்கலம் என்னும் ஊர் உள்ளது. அவ்வூர்ச் சமீன் மரபிலே 1889ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 11ஆம் நாள் சுப்பராயன் பிறந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்றபின், கடல் கடந்து சென்று, இங்கிலாந்தில் ஆக்சுபோர்டுப் பல்கலைக்கழகத்திற் கற்று மீண்டார். நிலவருவாய் கொண்டு கவலையின்றி வாழ வாய்ப்பிருந்தும், சென்னை உயர்நீதிமன்றத்தில் வழக்கறிஞர் தொழிலை மேற்கொண்டார்.

1912இல் அவர் மங்களூரைச் சார்ந்த இராதாபாய் அம்மையாரை மணந்தார். குலமும் மொழியும் கடந்த மணம் அது. அம்மையாரின் தந்தையார் குட்முல் ரங்கராவ், ஒடுக்கப்பட்ட மக்களுக்குப் பள்ளிகள் நிறுவியதனால் தம் இனத்தாரின் பகைக்கு ஆளானவர். அவ்வுறவு சுப்பராயன் உள்ளத்தில் எத்துணை ஆழமாக வேரூன்றியது என்பதை அவர்தம் பிற்காலச் செயல்கள் காட்டும்.

1926ஆம் ஆண்டின் இறுதியில், தம் 37ஆம் வயதில், அவர் சென்னை மாகாணத்தின் முதலமைச்சரானார். சைமன் குழு வந்தபோது நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தது. உடனிருந்த அமைச்சர் இருவர் பதவி துறந்தனர். சுப்பராயன் பதவியில் நீடித்தார். நாட்டுப்பற்று மிக்கோர் இதனைக் குறை கூறினர். அக்குறை முற்றும் மறுக்கத்தக்கதன்று.

பதவி நீங்கியபின் அவர் ஆற்றிய பணியே பெரிது. தீண்டாதார் என ஒதுக்கப்பட்ட மக்கள் கோவில்களுட் புகுந்து வழிபட வகைசெய்யும் சட்டமொன்றைச் சென்னைச் சட்டமன்றத்திற் கொணர 1932இல் முயன்றார். அந்நாளில் அத்தகைய சட்டத்திற்கு வைசிராயின் முன்னிசைவு வேண்டும். 1933 சனவரியில் அவ்விசைவு மறுக்கப்பட்டது. சட்டமன்றத்தில் விவாதிக்கவும் இடமின்றி அம்முயற்சி நின்றுபோயிற்று.

1937இல் இராசாசியின் அமைச்சரவையில் சட்டமும் கல்வியும் சுப்பராயன் பொறுப்பாயின. 1939 சூலைத் திங்கள் 8ஆம் நாள், மதுரை வழக்கறிஞர் வைத்தியநாதையர் ஒடுக்கப்பட்டோர் சிலரை உடனழைத்துக்கொண்டு மீனாட்சியம்மன் திருக்கோவிலுட் சென்று வழிபட்டார். வைதிகர் சினந்தெழுந்தனர். பழைய வழக்கத்தை மீறினர் என்று கோவில் அலுவலர்மீதும் உடன் சென்றோர்மீதும் வழக்குத் தொடர அந்நாளைச் சட்டத்தில் இடமிருந்தது. அறம் செய்தோர் நீதிமன்றத்திற் குற்றவாளிகளாய் நிற்க நேரிடும் நிலை! அரசு காலந் தாழ்த்தாது அவசரச் சட்டம் பிறப்பித்து அவர்களைக் காத்தது. அவ்வாண்டே அது முறையான சட்டமுமாயிற்று. சுப்பராயன் முன்னர் வேண்டியும் பெறாத ஒன்று, அவர் சட்ட அமைச்சராயிருந்த காலத்திலேயே கைகூடிற்று.

1938 முதல் 1946 வரை அவர் இந்தியக் கிரிக்கெட் வாரியத்தின் தலைவராகவும் இருந்தார். அரசியலமைப்பை வகுத்த அவையிலும் உறுப்பினராய் அமர்ந்தார்.

1949இல் இந்தியாவின் தூதுவராக இந்தோனேசியா சென்றார். மணிமேகலை கூறும் சாவக நாடு அப்பகுதியதே என்பர் ஆராய்ச்சியாளர். டச்சுக்காரரின் நெடுநாள் ஆட்சியினின்றும் போராடி மீண்ட அந்நாடு, 1949 டிசம்பர் 27ஆம் நாள் முழு ஆட்சியுரிமை பெற்றது. நீதிமன்றத்தில் ஒருவர் வெல்ல மற்றவர் தோற்பார். தூதுவர் பணியிலோ இரு திறத்தாரும் மனநிறைவு பெறுதல் வேண்டும். வாதிட்டுப் பழகிய சுப்பராயனுக்கு இது புதியதொரு துறை. எனினும் அவர் அதில் தளர்ந்தாரல்லர். அவர் தூதுவராயிருந்த காலத்திலேயே, 1951 மார்ச்சுத் திங்கள் 3ஆம் நாள், இரு நாடுகளுக்குமிடையே நட்புடன்படிக்கை சகார்த்தாவிற் கையெழுத்தாயிற்று.

தாயகம் மீண்டபின் 1955இல் அமைந்த ஆட்சிமொழி ஆணைக்குழுவில் உறுப்பினரானார். இந்தியை விரைந்து புகுத்தும் பெரும்பான்மையோர் கருத்துக்கு உடன்படாது, தம் மாறுபாட்டைத் தனியே எழுதித் தந்தார். வங்க மொழியறிஞர் சுநீதிகுமார் சட்டர்சியும் அவ்வாறே எழுதினார். இந்தி பேசாத மக்களின் அச்சத்தை அரசின் ஏட்டிலேயே பதியச் செய்தவை அவ்விரு குறிப்புகள்.

1959இல் நடுவணரசின் போக்குவரத்து அமைச்சராகவும், 1962இல் மகாராட்டிர மாநில ஆளுநராகவும் பொறுப்பேற்றார். ஆளுநராயிருக்கும்போதே அவ்வாண்டு அக்டோபர்த் திங்கள் 6ஆம் நாள் மறைந்தார். அவர்தம் மக்களுள் பரமசிவர் 1966இல் இந்தியத் தரைப்படையின் தலைமைத் தளபதியானார்; மோகன் குமாரமங்கலமும் பார்வதி கிருட்டிணனும் நாடாளுமன்றத்தில் உறுப்பினராய் விளங்கினர்.