தாயின் குரல் உடைந்த மேடை

தொளதொளத்த காற்சட்டை, இறுக்கமான மேற்சட்டை, கையிலே பிரம்பு, சிறு மீசை. சார்லி சாப்ளினை இந்தக் கோலத்திலேயே நாம் நினைவில் வைத்திருக்கிறோம். அந்த நாடோடியின் வறுமை கற்பனையில் பிறந்ததன்று.

1889 ஏப்ரலில் பிறந்த சாப்ளினின் பெற்றோர் இருவரும் இங்கிலாந்தின் இசையரங்குகளில் பாடிப் பிழைத்தவர்கள். தந்தை மதுவுக்கு அடிமையாகிப் பிரிந்து சென்றார். தாய் ஹன்னாவுக்குச் சாப்ளினுக்கு முன்னரே பிறந்த மகன் சிட்னி. பிள்ளைகள் இருவரையும் வளர்க்க அவரிடம் இருந்த ஒரே முதல் குரல்தான். 1894 இல், அல்டர்ஷொட் நகரில் படைவீரர்கள் நிறைந்த அரங்கொன்றில் அந்தக் குரலும் உடைந்தது. கூச்சலிட்ட சபையைச் சமாளிக்க ஐந்து வயதுச் சிறுவனை மேடையேற்றினார்கள். நாணயங்கள் வந்து விழவே, அவற்றைப் பொறுக்கிய பின்னரே மீதியைப் பாடுவதாக அவன் அறிவித்தான். அரங்கு சிரிப்பில் அதிர்ந்தது. தாயின் உடைந்த குரலையும் கள்ளமின்றிப் பாடிக் காட்டினான். அதற்கும் சபை சிரித்தது. தமது முதல் மேடையே தாயின் கடைசி மேடையாயிற்று என்பதைச் சாப்ளின் சுயசரிதையில் பதிவு செய்திருக்கிறார்.

1896 இல் மூவரும் லண்டன் லம்பெத் வறியோர் விடுதியில் தஞ்சமடைந்தனர். பிள்ளைகள் அங்கிருந்து ஹன்வெல் பாடசாலைக்கு அனுப்பப்பட்டனர். தந்தை 1901 இல் 38 வயதில் காலமானார். 1903 இல் தாயின் மனநிலை மீண்டும் பிறழ்ந்தபோது, அவரைக் கால்நடையாக வைத்தியசாலைக்கு அழைத்துச் சென்றது 14 வயதுச் சாப்ளின்தான். சிட்னி கப்பல் தொழிலுக்குப் போயிருந்தார். அவர் திரும்பும்வரை, மறுபடியும் விடுதிக்கு அனுப்பிவிடுவார்களோ என்று அஞ்சி, தம்பி ஆட்களின் கண்ணில் படாமல் ஒதுங்கித் திரிந்தார்.

அதே ஆண்டில் ஷெர்லொக் ஹோம்ஸ் நாடகத்தில் ஏவல் சிறுவன் வேடம் கிடைத்தது. வசனத்தைச் சரளமாக வாசிக்கத் தெரியாது. சிட்னி வாசித்துக் காட்ட, மனனம் செய்தார். 1908 இல் பிரெட் கார்னோவின் நகைச்சுவைக் குழுவில் சேர வழி செய்தவரும் சிட்னியே. அக்குழுவோடு அமெரிக்கா சென்றவரை 1913 இல் கீஸ்டோன் நிறுவனம் வாரம் 150 டொலருக்கு ஒப்பந்தம் செய்தது. 1914 பெப்ரவரியில் நாடோடி திரைக்கு வந்தான். 1916 இல் மியூச்சுவல் நிறுவனம் ஆண்டுக்கு 670,000 டொலர் தரச் சம்மதித்தபோது சாப்ளினுக்கு வயது 26.

ஆயினும் இதை வெறும் வெற்றிக் கதையாகக் கொள்ள எமக்கு மனம் வரவில்லை. உலகமே மகனைப் பார்த்துச் சிரித்த அந்த ஆண்டுகளில் தாய் இங்கிலாந்தில் மனநோயாளியாகவே பராமரிக்கப்பட்டு வந்தார். 1921 இல் வெளியான 'த கிட்' படத்தில், அநாதை விடுதிக்காரர்கள் சிறுவனைப் பறித்துச் செல்லும் காட்சி வருகிறது. ஹன்வெல்லை அறிந்தவர் எடுத்த காட்சி அது. அதே ஆண்டில்தான் ஹன்னாவைக் கலிபோர்னியாவுக்கு அழைத்துவர முடிந்தது. 1928 இல் இறக்கும்வரை அவர் அங்கே தாதியரின் கவனிப்பில் வாழ்ந்தார். மனம் மட்டும் முழுமையாகத் தெளியவேயில்லை.