பூக்களைப் படித்த சேஷாத்ரி

ஆரஞ்சு, பம்பளிமாஸ் போன்ற பழங்களின் சாற்றில் ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் ஃபிளாவனாய்டு சேர்மங்கள் உள்ளன. பம்பளிமாஸின் இலேசான கசப்புக்கும் அவற்றுள் ஒன்றான நாரின்ஜினே காரணம். இன்று அவற்றின் அளவைக் கருவிகள் விரைவில் காட்டிவிடுகின்றன. ஆனால், ஒரு சேர்மத்தின் அமைப்பே தெரியாவிட்டால் எதை அளப்பது? அந்த அடிப்படைப் பணிக்கு உழைத்தவர்களுள் முக்கியமானவர் டி. ஆர். சேஷாத்ரி.

இவர் 1900ஆம் ஆண்டு தமிழ்நாட்டின் குளித்தலையில் பிறந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்றபின், இங்கிலாந்தின் மான்செஸ்டரில் இராபர்ட் இராபின்சனிடம் ஆய்வு செய்து முனைவர் பட்டம் பெற்றார். நாடு திரும்பிய பின்னர், வால்டேரிலுள்ள ஆந்திரப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் துறையை வளர்த்தெடுத்தார். அங்கே பருத்திப் பூவும் புளிச்சைப் பூவும் அவருடைய பாடநூல்கள் ஆயின. இதழ்களிலிருந்து நிறமியைப் பிரித்துத் தூய்மையாக்குவார். அதன் அமைப்பைக் கணிப்பார். பிறகு அதே பொருளை ஆய்வகத்தில் உருவாக்கி, இரண்டும் ஒன்றுதானா என ஒப்பிடுவார். பொறுமை இல்லாதவர்க்கு ஒத்துவராத வேலை அது.

இரண்டாம் உலகப் போரின்போது பல்கலைக்கழக வளாகம் இராணுவத்தின் வசமானது. சேஷாத்ரி குண்டூருக்கும் பின்னர் சென்னைக்கும் இடம் மாற நேர்ந்தது. போர் முடிந்ததும் வால்டேர் திரும்பி, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். 1949இல் தில்லிப் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். 1960இல் இலண்டன் அரச கழகம் அவரை உறுப்பினராக்கியது. பணி ஓய்வுக்குப் பின்னும், 1975இல் மறையும்வரை அவர் ஆய்வைக் கைவிடவில்லை.